ஆண்டுக்கொருமுறை வருவதும் ஆண்டெல்லாம் இருப்பதும்

(மொனராகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் ஒரு பொருளைக் குறித்துப் பேசுவிப்பதென்று ஏற்பட்ட இந்தச் சொற்பொழிவு வரிசையிலே, 'ஆண்டுதோறும்' என்னும் கருத்தையே இம்முறை பொருளாகக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில் 'அனுவல்' என்று ஒரு சொல் உண்டு. அது நமக்குப் புதியதன்று. அனுவல் லீவு என்றும் அனுவல் ரிப்போர்ட் என்றும் தோட்டத்து ஆபீசிலே பிறந்து, லயத்து வாசல் வரையில் வந்து வழங்குகின்ற சொல். ஆண்டு என்னும் பொருளையுடைய இலத்தீன் மூலத்திலிருந்து அது வந்தது. அதே மூலத்திலிருந்து 'பெரேனியல்' என்று இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது. ஆண்டுகளினூடே நீடித்து நிற்பது என்பது அதன் பொருள். முன்னது ஆண்டுக்கொருமுறை வருவது. பின்னது ஆண்டெல்லாம் இருப்பது. தாவர சாஸ்திரிகள் இவ்விரண்டையும் பயிர்களை வகுத்துக் காட்டுதற்குப் பிரயோகித்தார்கள். விதைத்த அந்த ஆண்டுக்குள்ளேயே முளைத்துப் பூத்துக் காய்த்து மடிந்துபோவது முதல் வகை. ஒருமுறை வேரூன்றிப் பல ஆண்டு நிலைப்பது இரண்டாம் வகை.

இந்த இரண்டு வகையையும் பக்கம் பக்கமாக வைத்துக் காண்பதற்கு மொனராகலையைப் போல் வாய்ப்பான இடம் இலங்கையில் அதிகம் இல்லை. சியம்பலாண்டுவைப் பக்கத்திலும் மெதகமைப் பக்கத்திலும் சிங்களக் குடியானவர்கள் பெரும்போக மழையை நம்பிச் சேனைகளிலே சோளம் போடுகிறார்கள். ஐப்பசியிலே வானம் இருண்டால் விதை மண்ணுக்குள் போகும். மாசி பிறக்கையிலே கதிர் முற்றி, தட்டை காய்ந்து, நிலம் மறுபடி வெறுமையாகும். அடுத்த ஆண்டுக்கு அந்தச் செடியிலிருந்து மிஞ்சுவது விதை ஒன்றே. வருஷம் என்ற வடசொல்லுக்கு மழை என்பதும் ஒரு பொருள் என்பதை இந்த மாவட்டத்துக் குடியானவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு ஓராண்டு என்பது ஒரு மழையே. அந்தச் சேனைகளுக்கு மேலே, மயிற்பாறை என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இந்த மலையின் சரிவிலே, ரப்பர் நிற்கிறது. நட்ட ஆறேழு ஆண்டுக்குப் பின்பே பால் தரத் தொடங்கி, அதன் பிறகு ஒரு தலைமுறைக் காலம் நின்று பயன் தருகின்ற மரம் அது. 1876இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்திலே வந்து ஊன்றப்பட்ட நாற்றுக்களின் வம்சம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கை முழுதும் பரந்தபோது, இந்த உலர்ந்த சீமைக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் அந்த மரத்தை ஆண்டு முழுதும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். தை, மாசி மாதங்களிலே ரப்பர் மரம் தன் இலை முழுவதையும் பழுக்கவிட்டு உதிர்க்கிறது. மலை முழுதும் செம்மை ஏறி, பின்பு கிளைகள் வெறுங்கொம்பாக நின்று, காலடியிலே சருகு முழங்கால் அளவு புதைய, சிரட்டையிலே விழுகின்ற பாலும் குறைந்துபோகிறது. சில வாரங்களிலே செந்தளிர் விட்டு, அது பசுமையாகி, மரம் பழையபடி ஆகிவிடுகிறது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவன் அந்த உதிர்வைக் கண்டு, இம்மரம் ஓராண்டுப் பயிர், இதன் ஆயுள் முடிந்தது என்று முடிவு கட்டினால், அவனை யாரும் மெச்சமாட்டார்கள். நிலைத்து நிற்கும் பொருளுக்கும் ஆண்டுதோறும் ஒரு சலனம் உண்டு; அந்தச் சலனம் அதன் நிலைபேற்றின் ஒரு பகுதியேயன்றி, அதற்கு மறுப்பு ஆகாது. நான் இன்று சொல்லவந்த விஷயம் முழுதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மரத்தைப் பொறுத்தவரையில் எவரும் செய்யாத பிழையை, இம்மலைநாட்டு ஜனங்களைப் பொறுத்தவரையில் ஒரு நாட்டின் சட்டமே செய்தது.

அந்தக் கதையைச் சொல்லக் கோப்பியிலிருந்து தொடங்க வேண்டும். 1820களிலே கம்பளைப் பக்கத்தில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்திலே தொடங்கிய கோப்பிச் செய்கை, சில பத்தாண்டுகளிலே மத்திய மலைகளையெல்லாம் மூடி, ஊவாவின் மலைகளிலும் ஏறியது. கோப்பி, மரத்தளவில் பல்லாண்டுப் பயிர்தான். ஆனால் அதன் வேலை ஆண்டுக்கொருமுறை வருகின்ற வேலை. பழம் பறிக்கும் சில மாதங்களில் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். பறிப்பு முடிந்தபின் களையெடுக்கவும் பராமரிக்கவும் சிலரே போதும். ஆகையினாலே மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு, தோணியிலே கடலைத் தாண்டி, மன்னார்க் கரையிலிறங்கி, தண்ணீரற்ற காட்டுப் பாதையிலே மாத்தளை வரையில் கால்நடையாக நடந்து, வழியிலே பேதிக்கும் காய்ச்சலுக்கும் எத்தனையோ பேரைப் பலிகொடுத்து, எஞ்சியவர்கள் மலையேறினார்கள். பறிப்பு முடிந்ததும் தங்கள் ஊரிலே தை மாதத்து நெல்லறுவடைக்குத் திரும்பிப் போனவர்கள் பலர். மறு ஆண்டு மீண்டும் வந்தவர்களும் பலர். அக்காலத்திலே அவர்களை ஆண்டுக்கொருமுறை வந்துபோகிறவர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தால், அது உண்மைக்குப் பெரிதும் பிறழ்ந்ததாக இராது.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஊவாவிலே தொடங்கிய ஒரு நோய். 1869ஆம் ஆண்டிலே, இங்கிருந்து வடக்கே பார்த்தால் மேகத்துக்குள்ளே நிற்கின்ற மடுல்சீமை மலையிலுள்ள ஒரு தோட்டத்திலேதான், கோப்பி இலையின் அடிப்புறத்திலே மஞ்சட்பொடி தூவினாற்போல் படிகின்ற பூஞ்சணம் முதன்முதல் கண்டறியப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்கு அறிவியற் பெயர் இட்டார்கள். முதலில் அதை ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை. இலையை உதிர்த்தாலும் மரம் மறுபடி தழைத்துவிடுகிறது என்று ஆறுதலடைந்தார்கள். ஆனால் ஆண்டுக்காண்டு தழைப்பது குறைந்து, காய்ப்பது அதனினும் குறைந்து, 1880களிலே இலங்கைக் கோப்பி ஒரு பெரும் வியாபாரம் என்ற நிலையிலிருந்து அழிந்தே போயிற்று. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பத்தென்னையில் தொழிற்சாலை கட்டினார். 1924இல் இரயில் பாதை பதுளையை எட்டியது.

கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று சரித்திர புத்தகங்கள் ஒரு வரியிலே சொல்லிவிடுகின்றன. ஆனால் அந்த வரிக்குள்ளே ஒரு ஜனசமூகத்தின் வாழ்க்கை தலைகீழாகிக் கிடக்கிறது. தேயிலைக்குப் பறிப்புக் காலம் என்று ஒன்று இல்லை. இன்றைக்கு எடுத்த மலைக்கு ஏழெட்டு நாளிலே மறுபடியும் கூடையோடு போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் கொழுந்து முற்றிக் கரட்டிலையாகிவிடும். மழையானாலும் பனியானாலும் பண்டிகையானாலும் அந்தச் சுற்று நிற்பதில்லை. கோப்பிக்கு வேண்டியது ஆண்மக்களின் தற்காலிகக் கூட்டம். தேயிலைக்கு வேண்டியது ஆண்டெல்லாம் அங்கேயே இருக்கின்ற குடும்பம், அதிலும் முக்கியமாகக் கொழுந்தெடுக்கும் பெண். ஆகவே லயங்கள் எழுந்தன, பிள்ளைக்காம்பரா ஏற்பட்டது, லயத்துக்குப் பின்னே கறித்தோட்டம், பீலிக்கரை, மாடசாமி கோயில், சுடுகாடு எல்லாம் ஏற்பட்டன. தேயிலைச் செடியைப் போலவே அதைப் பராமரித்த மக்களும் இம்மண்ணிலே பல்லாண்டு நிலைப்பவர்களாயினர். அவர்களாக விரும்பி அந்த மாற்றத்தைத் திட்டமிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். தொழிலின் தன்மை அவர்களை அவ்வாறு ஆக்கியது, அந்தத் தொழிலால் நாடு வாழ்ந்தது.

இருந்தும் அவர்களிலே பலர் சொந்த ஊரை அடியோடு மறந்துவிடவில்லை. குலதெய்வத்தின் திருவிழாவுக்கென்றும், அக்காள் மகளின் கல்யாணத்துக்கென்றும், தகப்பனாரின் கருமாதிக்கென்றும், கையிலே காசு சேர்ந்த ஆண்டுகளிலே தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறி, ஊரைப் பார்த்துவிட்டு, விடுமுறை முடிவதற்குள் லயத்துக்கே திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் பிறந்தது இங்கே. மூத்தோரைப் புதைத்தது இங்கே. சம்பளப் புத்தகம் இங்கே. போய்வந்தது மட்டும் அங்கே. ரப்பர் மரத்தின் இலையுதிர்வைக் குறித்து நான் முன்னே சொன்னதைச் சபையோர் இவ்விடத்திலே நினைவு கூரவேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே நடந்த பொதுத் தேர்தலிலே இம்மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றிருந்தது; பதுளைத் தொகுதி அவற்றுள் ஒன்று. சட்டம் வந்தபின் ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் எந்த நாட்டுக்கும் உரியரல்லர் என்ற நிலை பிறந்தது. அடுத்த ஆண்டிலே வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தினால் வாக்குரிமையும் போயிற்று. அதே 1949இலே, இந்தியர் பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் என்று 3ஆம் இலக்கச் சட்டமொன்று கொண்டுவரப்பட்டது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னே, விவாகமானவர் ஏழு ஆண்டும் விவாகமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையிலே வசித்ததற்கு அத்தாட்சி காட்டினால், அவரைப் பிரஜையாகப் பதியலாம் என்பது அதன் சாரம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருந்தால், அந்த 'இடைவிடாமை' அறுந்துபோகும்.

எழுத்திலே பார்க்கையில் இது அநீதி என்று உடனே தோன்றாது. ஆனால் எழுதப் படிக்க அறியாத ஒரு கொழுந்துக்காரி, பிறப்புப் பதிவும் இல்லாமல், தோட்டம் மாறும்போது கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டும் மழையிலே நனைந்து கிழிந்துபோன நிலையிலே, தான் ஏழு ஆண்டு எங்கும் போகாமல் இருந்தேன் என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பாள்? நாள்தோறும் காலைப் பெரட்டிலே அவள் பெயரைக் கூப்பிட்டுப் பேர் போட்ட செக்ரோல் ஒன்றே அதற்கு நேரிய சாட்சி. அந்தச் செக்ரோல் தோட்டத்து ஆபீசிலே, பிறருடைய காவலிலே இருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஏறக்குறைய 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. ஊருக்குப் போய்வந்த பயணம் ஒருவருடைய மனம் வேறெங்கோ இருப்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கொருமுறை நிகழ்வதைக் கொண்டு ஆண்டெல்லாம் நிலைத்திருப்பதை மறுப்பது என்று நான் சொன்ன பிழை இதுதான். பின்பு 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 மக்களிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று பங்கிட்டது. அந்த மிகுதியை 1974இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் என்னும் அந்த நீண்ட அத்தியாயம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவை நோக்கித் திரும்பியது. பதுளையிலும் அப்புத்தளையிலும் இரயிலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நேரிலே கேட்ட முதியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னே அதைப் பற்றி விரித்துப் பேசும் துணிவு எனக்கில்லை.

இனி, கூலிக் கணக்கிலே இந்த ஆண்டுக் கணக்கு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லிப் போகிறேன். ஆங்கிலத்திலே 'பையனுவல்' என்றால் ஆண்டுக்கு இருமுறை. 'பையேனியல்' என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை. படித்தவர்களே இரண்டையும் மாற்றி எழுதிவிடுவதுண்டு. தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம் ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியதாக இருந்தது. 2013இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2015 மார்ச்சிலே காலாவதியாகி, அடுத்தது 2016 அக்டோபரிலேதான் கையெழுத்தானது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டிலும் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் தங்கள் விலையை மாற்றிக்கொள்ள யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. தவணை தவறாமல் வருவது தீபாவளி அட்வான்ஸ். அதுவும் கடன், அடுத்த தீபாவளிக்குள் மாதாமாதம் செக்ரோலிலே பிடித்துக்கொள்ளப்படுவது.

இயற்கை மட்டும் ஊவாவுக்குத் தன் தவணையைத் தவறவிட்டதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலே தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, நடுமலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது, ஈரமற்ற வரட்டுக் காற்றாக வீசுகிறது. கிழக்கிலே கச்சான் என்று சொல்கிறார்களே, அதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் அந்தக் காற்று அடிக்கையிலே தேயிலைச் செடி வாடி, தன் வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு, சிறுத்த கொழுந்திலே ஒரு தனி வாசனையைத் திரட்டிவைக்கிறது. ஊவா சீசன் தேயிலை என்று உலகச் சந்தையிலே பெயர் பெற்றது அந்த வாசனையினால்தான். 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்திலே அதற்குத் தனி மதிப்பு உண்டு. செடிக்கு வருத்தமாக இருக்கும் காலமே சரக்குக்கு உச்சமான காலம்; அதே காலத்திலே கொழுந்து குறைவதனால், கிலோக் கணக்கிலே பேர் போடும் பெண்ணுக்கு அது நெருக்கடியான காலமும் ஆகும். ஏலத்திலே உயர்ந்த விலையிலே ஒரு பங்கு அவளுடைய மடிக்கு வந்து சேரும் வழியை இதுவரையில் எவரும் அமைத்துத் தரவில்லை.

அந்தக் காற்றுக்காலத்திலேதான் கதிர்காமத்து உற்சவமும் வருகிறது. இந்த மாவட்டத்துக்குள்ளேயே மாணிக்க கங்கைக் கரையிலே இருக்கின்ற அத்தலத்தின் ஆண்டு விழா, ஆண்டுக்கொருமுறை என்பதன் நுட்பத்தை நமக்கு விளக்குகிறது. சூரியனைக் கொண்டு கணக்கிடும் ஆடி மாதத்துக்கு அது கட்டுப்பட்டதன்று. அமாவாசைக்குப் பின் தொடங்கி, பூரணையை ஒட்டித் தீர்த்தத்தோடு முடிவது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் 354 நாளிலே முடிந்துவிடுகின்றபடியால், ஆண்டுக்குப் பதினொரு நாளளவு விழா முன்னே நகர்ந்து, பின்பு அதிக மாதம் வரும்போது பின்னே தள்ளப்படுகிறது. 2024இல் ஜூலை 6ஆம் திகதி தொடங்கிய விழா, 2025இல் ஜூன் 26ஆம் திகதியே தொடங்கியது. ஆங்கிலத் திகதியைப் பார்த்து லீவு கொடுக்கின்ற ஆபீசுக்கும், சந்திரனைப் பார்த்துக் காவடி கட்டுகின்ற பக்தனுக்கும் இடையிலே ஆண்டுதோறும் ஒரு சிறு வழக்கு எழுவது இதனாலே.

இரவிலே நடக்கும் அந்தப் பவனியைப் பார்த்தவர்கள் அதன் மையத்திலே விக்கிரகம் ஒன்றும் இல்லை என்பதை அறிவார்கள். பூசகராகிய கப்புறாளை வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, துணியால் மூடிய பேழையை யானைமேல் ஏற்ற, கந்தன் தன் ஆலயத்திலிருந்து வள்ளியம்மன் சந்நிதிக்கு எழுந்தருளுகிறான். ஒவ்வோர் இரவும் அதே வீதி, அதே போக்கும் வரவும். கொடியேற்றம் பக்கத்துப் பள்ளிவாசலிலும் நடக்கிறது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அந்தப் பதினைந்து நாளிலே ஒரே கங்கையிலே இறங்குகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் உகந்தைமலை வழியாகக் குமண, யால வனங்களைக் கடந்து வருகின்ற பாதயாத்திரை பலருக்கும் தெரிந்தது. பசறை, லுணுகலை, மொனராகலைத் தோட்டங்களிலிருந்து புத்தல வழியாகக் காட்டுப்பாதையிலே நடக்கின்ற நமது ஜனங்களைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பேதி நோய்க்கு அஞ்சி அரசாங்கம் இந்த யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, கொழும்பிலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் விழா 1874 அளவில் தொடங்கியது என்பர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், இந்த யாத்திரையை ஒழுங்கு செய்யும் பொறுப்பிலே கதிர்காமத்தில் வந்து தங்கியிருந்ததைத் தம் நூலிலே எழுதியிருக்கிறார். கட்டுப்பாடுகளும் அதிகாரிகளும் வந்து போனார்கள், யாத்திரை நின்றபாடில்லை.

கதிர்காமம் எல்லார்க்கும் பொது. காமன் கூத்தோ தோட்டத்துக்கே உரியது. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும், லயங்களுக்கு நடுவேயுள்ள காமன் பொட்டலிலே குழி வெட்டிக் காமன் ஊன்றுகிறார்கள். பேய்க்கரும்பும் ஆமணக்கங்கொம்பும் வைக்கோற் பிரியும் வரட்டியும் சேர்த்துக் கட்டி நிறுத்துவது வழக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் இதிலே சிறு வேறுபாடு உண்டு. ரதியாகவும் மன்மதனாகவும் வேஷங்கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதமிருக்கிறார்கள். பகலிலே மலையிலே கவ்வாத்து வெட்டிய கை, இரவிலே தப்பை வாங்கிச் சூடு காட்டி முறுக்குகிறது. பூரணை வரையில் ஒவ்வோர் இரவும் பாட்டும் ஆட்டமும் நடந்து, கடைசி இரவிலே சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான். ரதியின் புலம்பலிலே பொட்டலைச் சுற்றி நின்ற பெண்கள் தங்கள் சொந்தத் துக்கத்தையும் சேர்த்து அழுகிறார்கள். மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பித்து எழுப்புவதும் உண்டு.

இதற்குச் சம்பளம் இல்லை. லீவும் எளிதிலே கிடைப்பதில்லை. வேஷக்காரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற காமன் மாஸ்டர் ஒருவர் இருக்கவேண்டும். அவருக்குப் பாட்டு முழுதும் நெஞ்சிலே நிற்கவேண்டும். செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவென்று காசு சேரவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டு காமன் இல்லை. ஓராண்டு நின்றால் மறு ஆண்டு தொடங்குவது கடினம்; ஐந்தாண்டு நின்றால் பாட்டே போய்விடும். உற்சவம் தானாக வருவதென்று நினைக்கிறோம்; திகதிதான் தானாக வருகிறது, உற்சவத்தை யாராவது ஒருவர் வருத்தப்பட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறது. இன்று இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் தையற் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, காமன் பொட்டல் புல் மண்டிக் கிடக்கின்ற தோட்டங்கள் ஊவாவிலே எத்தனையோ உள்ளன. அவர்கள் போனதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல ஊதியத்தைத் தேடிப் போவது அவர்களுடைய உரிமை. ஆனால் தீபாவளிக்கும் காமனுக்கும் அவர்கள் திரும்பி வருவதைப் பார்க்கும்போது, இந்த மண்ணிலே அவர்களுக்குள்ள வேர் எத்தகையது என்று எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஆண்டுதோறும் நினைவுகூர வேண்டிய துக்க நாட்களும் நமக்கு உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிலே கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அந்த நாளை மலையகத் தியாகிகள் தினமாக இப்போது கொண்டாடுகிறார்கள். நம்முடைய ஊவாவுக்கே உரிய நாள் அக்டோபர் 29. 2014ஆம் ஆண்டிலே அன்று காலை, தீபாவளி கழிந்து ஒரு வாரத்துக்குள்ளே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகளிலே பலர் பாடசாலைக்குப் போயிருந்தபடியால் பிழைத்து, திரும்பி வந்து வீடு இருந்த இடத்தைத் தேடினார்கள். அவ்விடம் அபாயமானது என்று அதற்குப் பல ஆண்டு முன்னரே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆண்டுதோறும் வருவதுதான். மழை வருவது உறுதியென்று அறிந்திருந்தும், சரிவிலுள்ள லயத்தை மாற்றாமல் வைத்திருப்பதற்கு இயற்கையைக் காரணம் காட்டுவது தகாது. தேயிலைக்கும் இப்போது ஒரு தினம் உண்டு. தொழிற்சங்கங்கள் 2005 முதல் டிசம்பர் 15ஐக் கொண்டாடிவர, ஐக்கிய நாடுகள் சபை மே 21ஐக் குறித்திருக்கிறது. எந்த நாளாயினும், கோப்பையைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கொழுந்துக்காரியைப் பற்றியும் பேசப்பட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

முடிவாக இந்த அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். 1992இலே தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டன; அவ்வாண்டிலிருந்து கணக்கிட்ட 53 ஆண்டுக் குத்தகைக்கு அரசாங்கம் அவற்றை எழுதிக்கொடுத்தது. அது 2045 வரையில் செல்லும். அந்த நிலத்திலே ஐந்து தலைமுறையாக இருக்கின்ற குடும்பத்துக்கு லயத்துக் காம்பராவின் மேல் எழுத்திலே ஓர் உரிமையும் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் என்ற திட்டம் சில குடும்பங்களை எட்டியிருக்கிறது. பெரும்பாலோர் இன்னும் காத்திருக்கிறார்கள். நாளை அந்தக் காணிக்கு உறுதி எழுதும்போது, யார் எத்தனை ஆண்டு எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி 1949ஐப் போலவே மறுபடி எழக்கூடும். அதற்குச் சாட்சி பழைய செக்ரோல்கள். பெயர் ஒரு பக்கம், மாதத்தின் நாட்கள் மேலே, நாள்தோறும் முழுப்பேர், அரைப்பேர் என்று மையிலே இட்ட குறி. ஒரு பக்கத்திலே இருபது முப்பது ஜீவன்களின் ஒரு மாதத்து உழைப்பு. இப்புத்தகங்களிலே பல தோட்டத்து ஆபீசுகளிலும் பாழடைந்த ஸ்டோர்களிலும் கறையான் அரித்துக் கிடக்கின்றன. சில, புதிய கணினி வந்ததும் எரிக்கப்பட்டன என்று கேள்வி. மொனராகலையிலும் பசறையிலும் லுணுகலையிலும் உள்ள தோட்டங்களிலே எஞ்சியிருப்பவற்றைக் கேட்டுப் பெற்று, படமெடுத்து, ஒரு பிரதியைப் பதுளையிலே பொதுநூலகத்திலே வைக்கவும், காமன் மாஸ்டர்களிடமுள்ள பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்யவும், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கியிருக்கும் தொகையைச் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓராண்டு சொற்பொழிவு இல்லாமற் போவதனால் குறைவொன்றும் நேராது. இவ்வேலைக்கு வேண்டிய இளைஞர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வாசலிலே உள்ள செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு அவர்களை வேண்டுகிறேன்.